பிந்தி வந்த வீரம்

எனக்கு வீரம் வரும். கொஞ்சம் பிந்தி வரும். 1990 இல் வந்திருக்க வேண்டியது 2002 இல்தான் வந்து சேர்ந்தது.

1990 ஒக்ரோபர் 30 ஆம் திகதி யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்களை ஜின்னா மைதானத்துக்குக் கூப்பிட்ட புலிகள், இரண்டு மணித்தியாலத்துக்குள் ஊரைவிட்டுப் போகச் சொன்னார்கள். செய்தி எங்கள் ஒழுங்கைக்கு வந்தது. அடக்குமுறையைப் பற்றி மேடை மேடையாகப் பேசிப் பழகிய வாத்தியார் நான். எனக்கு முதலில் ஞாபகம் வந்தது சோனகத்தெருவில் தைக்கக் கொடுத்திருந்த காற்சட்டைத் துணி. பொருளாதாரத் தடைக் காலம், துணி லேசில் கிடையாது. “தையற்கார நானா வெட்டினாரோ தெரியேல்லை” என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

“போய்ப் பாருங்கோவன்” என்றா மனைவி.

சைக்கிளுக்குக் காற்றில்லை என்றேன்.

“சைக்கிளுக்கோ, உங்களுக்கோ?”

என்னிடம் ஒரு பதில் தயாராக இருந்தது. யாழ். மருத்துவபீடத்தில் உடற்கூற்றியல் படிப்பித்த ராஜனி திராணகம 1989 செப்ரெம்பர் 21 ஆம் திகதி, சைக்கிளில் வீட்டுக்குப் போகும் வழியில் சுட்டுக் கொல்லப்பட்டார். அரசாங்கம், இந்திய இராணுவம், இயக்கங்கள் என்று ஒருவரையும் விடாமல் எழுதியவர். “ராஜனிக்கு நடந்தது தெரியும்தானே” என்பேன். கேட்டவர் வாயை மூடிக்கொள்வார். பேசிச் செத்தவரைக் காட்டிப் பேசாமல் இருப்பதை நியாயப்படுத்தும் கலை எங்கள் ஊரில் என்னைப் போல் பலருக்குக் கைவந்திருந்தது.

துப்பாக்கிக்குப் பயந்தேன் என்பது பாதிக் கதைதான். சாவகச்சேரி முஸ்லிம்களை எங்கள் நகரத்து வெளியேற்றத்துக்கு இரண்டு கிழமைக்கு முன்பே அனுப்பிவிட்டார்கள். அது தெரிந்த பிறகுதான் நான் துணியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். நானா வழமைபோல் கதைக்கவில்லை. கையை விரித்துக்கொண்டு அளவுக்கு நின்ற நான், “கொஞ்சம் தொளதொளவெண்டு தையுங்கோ” என்றேன். “என்ன நானா, உங்களுக்கும் பயமா இருக்கோ?” என்று கேட்டிருந்தால் யாரும் என்னைச் சுட்டிருக்கமாட்டார்கள்.

1995 இடப்பெயர்வுக்குப் பிறகு கொழும்பு வந்தேன். அங்கே ஒரு கண்டன அறிக்கைக்குக் கையெழுத்துக் கேட்டார்கள். ‘எஸ். சிவா’ என்று போட்டேன். வெள்ளவத்தையில் ஒரு கல்லை எறிந்தால் நான்கு எஸ். சிவாக்கள் தலையைத் தடவுவார்கள். பிடிபட்டால் அவர்களில் ஒருவர் பிடிபடட்டுமே.

2002 ஏப்ரல் 10 ஆம் திகதி புலிகளின் கிளிநொச்சிச் செய்தியாளர் சந்திப்பில் முஸ்லிம்களின் வெளியேற்றத்தைப் பற்றிக் கேட்டபோது, தாங்கள் ஏற்கெனவே மன்னிப்புக் கேட்டுவிட்டதாக அவர்களுடைய அன்ரன் பாலசிங்கம் சொன்னார். அனுப்பியவர்களே மன்னிப்பைப் பற்றிப் பேசத் தொடங்கியதும் எனக்குத் தொண்டை திறந்துகொண்டது. அடுத்து வந்த கூட்டத்திலேயே மேசையில் குத்தி, இது இனச்சுத்திகரிப்பு என்று முழங்கினேன். நல்ல கைதட்டல். துணிச்சலான ஆள் என்று தேநீர் வேளையில் ஒருவர் சொன்னார். மறுக்கவில்லை.

போர் முடிந்து, துப்பாக்கிகளும் போன பிறகு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். ஒரு அலுவலகத்தில் என் அலுவலாக நின்றேன். எனக்கு முன்னால், அன்று வெளியேற்றப்பட்டுப் புத்தளத்திலிருந்து திரும்பிவந்த முஸ்லிம் ஒருவர் வீட்டுத்திட்ட விண்ணப்பத்தோடு நின்றார். “நீங்கள் புத்தளத்து ஆக்கள்தானே, இஞ்சை என்ன?” என்று கடதாசியை ஓரமாகத் தள்ளினார் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர். அவர் என் மனைவி வழியில் எனக்குச் சொந்தம். அடுத்த மாதம் அவருடைய மகளுக்குக் கலியாணம், கார்ட்டும் வந்திருந்தது. சுவரில் தொங்கிய கலண்டரை மிகுந்த அக்கறையோடு படித்தேன். வீட்டுக்கு வந்து, அடக்குமுறையும் மௌனமும் பற்றி ஒரு நீண்ட கட்டுரையைத் தொடங்கினேன்.

வடக்கிலிருந்து அன்று அனுப்பப்பட்டவர்கள் ஏறத்தாழ 75,000 பேர். திரும்பி வந்து காணிக்கும் வீட்டுக்கும் அலைபவர்கள் அவர்களில் இருக்கிறார்கள். உங்கள் சொந்தக்காரர் யாராவது அப்படியான மேசையில் இருந்தால், அந்த விண்ணப்பங்களுக்கு என்ன நடந்தது என்று தயவுசெய்து கேளுங்கள். என் ஆளிடம் நான் கேட்பேன் என்று நம்பியிருக்க வேண்டாம்.