வழிமறித்து உபசரிக்கும் சாலை

சாலை போடுகிறவர்களுக்கெல்லாம் பொதுவாக ஒரே பதற்றம்: ஏறிய ஆளைச் சீக்கிரம் ஊர் சேர்த்துவிட வேண்டும். இங்கிலாந்தின் ஏ303-க்கு அந்த அற்பப் பரபரப்பு கிடையாது. பேசிங்ஸ்டோக் பக்கம் எம்3 மோட்டார்வேயிலிருந்து பிரிந்து ஹாம்ப்ஷயர், வில்ட்ஷயர், சாமர்செட் வழியாக டெவனில் ஹோனிட்டன் அருகே முடியும் இதன் நீளம் சுமார் 150 கிலோமீட்டர். லண்டன்காரர்கள் கோடை விடுமுறைக்குத் தென்மேற்குக் கடற்கரைகளைத் தேடிப் போவது இதில்தான். அங்கே போய் மழையில் நனைவானேன் என்று வழியிலேயே இருத்திவைத்துக்கொள்ளும் தாயுள்ளம் இந்தச் சாலைக்கு உண்டு.

ஒரே மாதிரி இருந்தால் பயணிக்கு அலுத்துவிடும் என்பதும் அதற்குத் தெரியும். ஆண்டோவர் தாண்டும்வரை பக்கத்துக்கு இரண்டு தடம் தந்து ஆசை காட்டும். ஏம்ஸ்பரி ரவுண்டானா கடந்ததும் ஒன்றைப் பிடுங்கிக்கொள்ளும். வைலி பக்கம் திருப்பித் தரும். சிக்லேட் என்ற சின்னக் கிராமத்தில் மறுபடி பறிக்கும். மியர் ஊருக்கு வெளியே மனமிரங்கும். வாழ்வின் ஏற்ற இறக்கத்தை அறியத் தத்துவ நூல் எதற்கு? முழுத் தொட்டி பெட்ரோல் போதும். இல்செஸ்டர் அருகே சிறிது தூரம் ரோமானியர் போட்ட ஃபாஸ் வே மேலேயே இது ஓடுகிறது. அந்தப் பகுதி மட்டும் அம்புபோல நேராக இருப்பதை ரோமானியரின் கற்பனை வறட்சி என்று விட்டுவிடலாம்.

ஆனாலும் உபசாரத்தின் உச்சம் சாலிஸ்பரி சமவெளியில்தான். ஆகஸ்ட் மாத வெள்ளிக்கிழமை மாலை. முன்னே நிற்கும் கேரவானின் பின்புறம் மனப்பாடமாகிவிட்டது. பின்சீட்டுக் குழந்தை மூன்றாவது முறையாகச் சிறுநீர் வருகிறது என்கிறது. வலப்பக்கம் திரும்பினால், இருநூறு மீட்டர்கூட இல்லாத தூரத்தில் ஸ்டோன்ஹெஞ்ச் கல்வட்டம்! வேலிக்கு அந்தப்புறம் நுழைவுக் கட்டணம் கட்டியவர்கள் காதில் ஒலிக்கருவி மாட்டிக்கொண்டு கற்களைச் சுற்றுகிறார்கள். நமக்கோ நயா பைசா செலவில்லை; எந்தக் கல்லில் எந்தப் பக்கம் பாசி படிந்திருக்கிறது என்பதுவரை நிதானமாகப் பார்த்து முடிக்கலாம். அங்குள்ள நீலக்கற்கள், வேல்ஸின் பிரெசெலி குன்றுகளிலிருந்து 200 கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து வந்தவை. ஏறத்தாழ ஐயாயிரம் ஆண்டுகளுக்கு முன் அவற்றைக் கொண்டுவந்தவர்களிடம் வண்டிச் சக்கரம் இருந்ததற்குத் தடயமில்லை. இருந்தும் வந்து சேர்ந்துவிட்டார்கள். நாலு சக்கரம் வைத்திருப்பவர்களுக்கு இன்னும் அவ்வளவு பக்குவம் வரவில்லை.

இந்தப் பாக்கியத்தைக் கெடுக்கச் சிலர் முயலாமல் இல்லை. சாலையைக் கற்களுக்கு அருகே பூமிக்கடியில் இறக்கிவிடலாம் என்ற பேச்சு 1990-களிலேயே கிளம்பிவிட்டது. விசாரணை நடந்தது, வரைபடங்கள் தயாராயின. செலவு கூடிவிட்டதென்று 2007-ல் கைவிடப்பட்டது. 2014-ல் அதே யோசனை புத்தாடை உடுத்தி வந்தது: சுமார் இரண்டு மைல் சுரங்கப்பாதை. 2020 நவம்பரில் அரசு அனுமதித்தது. 2021 ஜூலையில் உயர் நீதிமன்றம் அனுமதியை ரத்து செய்தது. 2023 ஜூலையில் அரசு மறுபடி அனுமதித்தது. 2024 ஜூலையில் புதிய நிதியமைச்சர் ரேச்சல் ரீவ்ஸ், பணமில்லை என்று கைவிரித்தார். சுரங்கத்தின் வாய் ஸ்டோன்ஹெஞ்ச் உலகப் பாரம்பரியத் தளத்தின் எல்லைக்குள்ளேயே விழுகிறது என்று தொல்லியலாளர்கள் சொன்ன தடை நியாயமானதுதான். அதற்கு விடை தேடாமல் கோப்பைத் திறந்து மூடியே இத்தனை அரசுகளும் காலம் தள்ளிய சாமர்த்தியத்தைத்தான் மெச்ச வேண்டும். ஒரு மீட்டர் சுரங்கமும் தோண்டாமல் 15 கோடி பவுண்டுக்கு மேல் செலவழித்திருக்கிறார்கள். தோண்டிச் செலவழிக்க யாராலும் முடியும்!

பக்கத்து ஊர்களுக்கும் சாலை வஞ்சனை செய்வதில்லை. பொறுமை தீர்ந்தவர்கள் செல்போன் காட்டும் குறுக்குவழியில் திரும்பி ஷ்ரூட்டன் கிராமத்துக்குள் புகுகிறார்கள். குறுகிய தெருவில் வரிசையாகக் கார்கள். கூரையில் சர்ஃபிங் பலகைகள். கடற்கரைக்கே போகாமல் கடற்கரைக் காட்சி வீட்டு வாசலுக்கு வருகிறது. வின்டர்போர்ன் ஸ்டோக்கிலோ பிரதான சாலையே ஊரின் நடுவில் ஓடுகிறது. சுரங்கத் திட்டத்தோடு இந்த ஊருக்குப் பைபாஸும் வருவதாக இருந்தது. இரண்டும் ஒன்றாகவே போயின. தெருவைக் கடக்க நிற்கும் நேரத்தில் எதிர்ச்சாரி வீட்டாரோடு கையசைத்து நலம் விசாரித்துக்கொள்ளலாம், லாரிச் சத்தத்தில் காது கேட்காவிட்டாலும். பைபாஸ் வந்திருந்தால் இந்த ஊர் ஒற்றுமை என்ன ஆவது?