நாமும் நாங்களும்

1964-இல் எனக்குப் பத்து வயது. தருமபுரத்திலிருந்து காரைக்காலுக்கு நடந்தேதான் பள்ளிக்கூடம் போவோம். 1739 முதல் இங்கே இருந்த பிரெஞ்சுக்காரர்கள் 1954 நவம்பர் 1-இல் நிர்வாகத்தை ஒப்படைத்துவிட்டுப் போயிருந்தார்கள். அவர்கள் மொழி மட்டும் போகவில்லை. பிரெஞ்சுப் படையில் இருந்துவிட்டு வந்து பென்ஷன் வாங்கும் 'சொல்தா'க்களைப் பார்த்துத்தான் அப்பா என்னை பிரெஞ்சு வகுப்பில் சேர்த்தார்.

ஒருநாள் 'எனக்குப் பசிக்கிறது' என்பதை பிரெஞ்சில் சொல்லச் சொன்னார் வாத்தியார். 'ழே ஃபேன்' என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லுக்குச் சொல் பார்த்தால் 'நான் பசி வைத்திருக்கிறேன்' என்று பொருள். பசி என்ன, பையில் வைத்துக்கொள்ளும் பொருளா? அது தானாக வந்து நம்மைப் பிடிப்பதல்லவா? 'எனக்கு' என்று தொடங்கி 'அ முவா ஃபேன்' என்றேன். விரல் முட்டியில் அளவுகோல் விழுந்தது. "தமிழ்ல யோசிக்காதடா!" என்றார்.

வேறு எதில் யோசிப்பது என்று அவர் சொல்லவில்லை. நாற்காலி பெண்பால், கட்டில் ஆண்பால் என்று மனப்பாடம் செய்தேன். எண்பதுக்கு 'நாலு இருபது' என்றபோது வகுப்பே சிரித்தது. வீட்டுக்கு வரும் வழியில்தான் உறைத்தது. எழுபது, எண்பது என்று வரும் நம் வரிசையில் அடுத்தது ஏன் தொண்ணூறு? தொண்ணூறுக்குள் எப்படி நூறு வந்தது? பிறந்தது முதல் சொல்லிவந்த சொல்லை அன்றுதான் முதல்முறையாகக் கேட்டேன். கேட்க வைத்தது அயல்மொழி.

இன்று என் பேத்திக்கு ஒன்பது வயது. பாரிஸ் பக்கம் பிறந்தவள். ஞாயிற்றுக்கிழமைகளில் செல்போனில் முகம் பார்த்துப் பேசுவோம். போன மாதம் கேட்டாள்: "தாத்தா, நாங்க எப்ப தருமபுரம் கோயிலுக்குப் போவோம்?"

எனக்கு நெஞ்சில் சுருக்கென்றது. "யாரோடம்மா போறீங்க?" என்றேன்.

"உங்களோடதான் தாத்தா!"

அவள் என்னை விட்டுவிடவில்லை. பிரெஞ்சில் நாம், நாங்கள் இரண்டுக்கும் 'நூ' என்ற ஒரே சொல்தான். கேட்பவரைச் சேர்த்துக்கொள்வதா, வெளியே நிறுத்துவதா என்று தமிழர் வாய் திறப்பதற்குள் முடிவு செய்தாக வேண்டும். அந்த முடிவை எடுக்கும்படி அவளுடைய முதல் மொழி அவளை ஒருபோதும் கேட்டதில்லை. டான் ஸ்லோபின் என்ற அமெரிக்க மொழி உளவியல் அறிஞர் இதை 'பேசுவதற்காகச் சிந்திப்பது' என்பார். மொழி நம் மூளைக்கு வேலி போடுவதில்லை. பேசும் நேரத்தில் எதைக் கவனிக்க வேண்டும் என்று பழக்குகிறது. சின்ன வயதில் படிந்த அந்தப் பழக்கம் அடுத்த மொழிக்குள்ளும் கூடவே வரும்.

எங்கள் ஊர்க் கோயிலில் சுவாமி பெயர் யாழ்மூரிநாதர். தம் பாட்டின் பெருமைக்குத் திருநீலகண்ட யாழ்ப்பாணரின் யாழே காரணம் என்று அவருடைய உறவினர்கள் சொல்ல, யாழில் அடங்காத பதிகம் ஒன்றைத் திருஞானசம்பந்தர் பாடிய தலம் இது. வாசிக்க முடியாத பாணர் யாழையே உடைக்க ஓங்கினார். சம்பந்தர் தடுத்தார். கருவியில் வரும் அளவுக்கு வாசித்தால் போதும் என்றார்.

பிறமொழி கற்கும் ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் அப்படி ஒரு யாழ் இருக்கிறது. அது தாய்மொழி. புதுப் பாட்டு அதில் முழுசாக அடங்காதுதான். அதற்காக யாழை உடைக்கச் சொல்லலாமா? பேத்திக்கு அன்று 'நாம'வையும் 'நாங்க'வையும் விளக்கினேன். பிரெஞ்சில் ஏன் ரெண்டு இல்லை என்று அவளே யோசிக்க ஆரம்பித்துவிட்டாள்.

மொழி சொல்லித்தரும் ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளை தப்பாகப் பேசினால் அதட்டாதீர்கள். அந்தத் தப்பு எந்த மொழியிலிருந்து வந்தது என்று பாருங்கள். பாடத்தை அங்கிருந்தே தொடங்குங்கள்.