அரிப்பு நாய்க்கா, ஒனக்கா?

ஏலே செல்லத்துரை, மெட்ராஸ்ல இருந்து நீ கூட்டிட்டு வந்த நாயை விட அதோட மருந்துப் பைதாம்லே பெருசா இருக்கு. தெறந்து பாத்துட்டேன், கோவிச்சுக்காத. வேப்பெண்ணெய் ஷாம்பூ, ஓட்ஸ் ஷாம்பூ, பச்சப்புள்ளைக்குப் போடுத சோப்பு, ஆப்பிள் வினிகர், தேங்கா எண்ணெய், மஞ்சத்தூளு, மூணு டாக்டர் சீட்டு. எல்லாம் அரைகுறையாக் கெடக்கு, ஒண்ணுகூட அடிமட்டம் வரைக்கும் தீரல. நாய்க்கு அரிச்சா அது சொறியுது. ஒனக்கு அரிச்சா நீ கடைக்குப் போற. நாய் அரிப்புக்காவது வைத்தியம் இருக்கு.

எங்க காலத்துல நாய்க்கு அலர்ஜியே கெடையாதுன்னு ஊர் மடத்துல உக்காந்து கெழவனுவ பேசுவானுவ, கேட்டிருப்ப. நம்பிராத. சொறி வந்த நாயைக் கம்பெடுத்து ஊருக்கு வெளிய வெரட்டிட்டு, மிச்சம் நின்ன நாயைப் பாத்து “எல்லாம் வைரம் பாஞ்ச நாய்டா”ன்னு சொல்லிக்கிட்டோம். மாட்டாஸ்பத்திரிக் கம்பவுண்டரு எனக்குத் தெரியாத கதையா இது? சினை பாக்க ஒருத்தன் மாட்டை ஓட்டிட்டு வருவான். மாட்டுக்குப் பின்னால மறைச்சு நாயையும் இழுத்துட்டு வருவான். நாய்க்கு வைத்தியம் பாக்கான்னு ஊருக்குத் தெரிஞ்சா கேலி பண்ணுவாகளாம். வருத நாயில பாதி லாரிப் பட்டறை கழிவு ஆயிலைப் பூசிக் கருங்காலிக் கட்டை மாதிரி வந்து நிக்கும். அதை அது நக்கி உள்ள வேற தள்ளியிருக்கும். சொறியைப் பாக்கதா, வயித்துக்குள்ள போன வெசத்தைப் பாக்கதான்னு டாக்டரு தலையில கைய வச்சிருவாரு. நாட்டு நாயும் தப்பாது. ராஜபாளையத்து நாய்க்கு 2005-ல தபால்தலையே போட்டுட்டாங்க. தபால்தலையில இருக்குத நாய் சொறியாது. தெருவுல இருக்குத ராஜபாளையம் நல்லாவே சொறியும்.

ஒன் லேப்ரடாருக்கு வருவோம். லேப்ரடாரு, கோல்டன் ரிட்ரீவரு, பக்கு, ஷிட்ஸு, ஜெர்மன் ஷெப்பர்டு, இதுக எல்லாம் தோல் அலர்ஜிக்குப் பேர் போனதுக. தூசியில இருக்குத பூச்சி, மகரந்தம், பூஞ்சை, இதெல்லாம் ஒத்துக்கிடாத நாய்க்குப் பெரும்பாலும் ஆறு மாசத்துக்கும் மூணு வயசுக்கும் நடுவுல அரிப்பு தொடங்கும். ஒன் புரூனோவுக்கு ரெண்டு வயசு. சரியான நேரத்துக்குத்தான் வந்திருக்கு. “முழுசாக் கொணமாயிருமா பெரியப்பா?”ன்னு கேக்க. ஒங்கப்பனுக்குச் சக்கரை கொணமாயிருச்சால? மாத்திரை போடுதான், நடக்கான், லட்டைப் பாத்தா மொகத்தைத் திருப்புதான், ஓடிக்கிட்டிருக்கு. இதுவும் அப்படித்தான். கொணப்படுத்துவேன்னு எவனாவது டப்பா நீட்டுனான்னா ஒன் பர்ஸை இடுப்புல சொருகிக்கோ.

சரி, நாயை இங்கிட்டுக் கொண்டா. வாலு மொளைக்க எடத்துல முடியை ரெண்டு வெரலால வகுந்து பாரு. கருப்பா மிளகுப்பொடி தூவுன மாதிரி தெரியுதா? மண்ணுன்னுதான நெனைக்க? ஒரு வெள்ளைத் தாளை நனைச்சு அதுல இதைத் தட்டு. இன்னும் கொஞ்சம் தட்டு. இப்பப் பாரு, பொட்டுப் பொட்டாச் செவப்புக் கரையுது. மண்ணு எப்பவாவது ரத்தமாக் கரையுமால? இது தெள்ளுப்பூச்சி எச்சம். ஒன் நாய் ரத்தத்தைக் குடிச்சிட்டு அது போட்ட கழிச்சலு. பத்தாவது மாடியில இருக்கோம், தெள்ளே கெடையாதுன்னு மருமக சத்தியம் பண்ணிச்சே, தெள்ளுக்கு லிப்ட்ல ஏறத் தெரியாதுன்னு நெனச்சிருக்கும் போல.

தெள்ளுல கொடுமை என்னன்னா, அதோட எச்சிலுதான் பகை. ஒத்துக்கிடாத நாய்க்கு ஒண்ணு ரெண்டு கடியே போதும், நாள் கணக்காச் சொறியும். நாய் மேல ஓடுததைப் புடிச்சு நசுக்கிட்டு ஜெயிச்சுட்டோம்னு நெனைக்காத. மேல ஓடுதது கணக்குல நூத்துக்கு அஞ்சுதான்னு சொல்லுவாங்க. மிச்சம் முட்டையா, புழுவா, கூடா ஒன் வீட்டுல கெடக்கு, சோபா இடுக்குல, கட்டிலுக்கு அடியில, மருமக ஆசையா வாங்குன கம்பளத்துல. கூட்டுக்குள்ள இருக்குதது மாசக்கணக்காக் காத்திருக்கும். நாய் நடந்தா அதிரும்லா, அந்த அதிர்வு கேட்டு வெளிய வரும். அதனால தெள்ளு மருந்தை ஒரு தடவை போட்டு நிறுத்துனா காசு போச்சு. மாசம் தவறாமப் போடணும். இப்ப மூணு மாசம் தாங்குத மாத்திரையும் இருக்கு, ஃப்ளூரலானர்னு பேரு. வலிப்பு வருத நாயின்னா மட்டும் முன்கூட்டியே டாக்டர்கிட்டச் சொல்லிரு. வீட்டுல இருக்குத எல்லாப் பிராணிக்கும் போடணும், ஒங்கம்மா சோறு வைக்க பால்கனிப் பூனைக்கும் சேத்து. ஆனா நாய்க்கு வாங்குன மருந்தை அப்படியே பூனைக்கு ஊத்திராத. பெர்மெத்ரின் இருந்தா பூனை செத்துப்போகும். உண்ணியின்னா நாய்க் காதுக்குள்ள மட்டும் தேடிட்டு விட்டுருத, அது சுவரேறிப் படத்துக்குப் பின்னால முட்டை போடும். மாட்டியிருக்குத தாத்தா படத்தைக் கழட்டிப் பாரு, தாத்தாவுக்குத் தொணைக்கு ஒரு குடும்பமே இருக்கும்.

சொறியுத எடமும் சேதி சொல்லும். வாலடி, பின்னந்தொடையின்னா முதல்ல தெள்ளு. பாதத்தை நக்கி நக்கி முடியே செங்காவி ஏறுனா, அக்குள், அடிவயிறு, காது செவந்தா அது தூசி, மகரந்தம், இல்லாட்டிச் சாப்பாடு. காது நுனியும் முழங்கையும் பொருக்குத் தட்டி, கூடவே மருமகளுக்கும் ஒனக்கும் இடுப்புல அரிச்சா, அது அலர்ஜி இல்ல, சொறிப்பூச்சி. அது மனுசனுக்கும் தாவும். அப்ப நாயைக் கூட்டிட்டுப் போய்ட்டு நீங்களும் தோல் டாக்டரைப் பாத்துட்டு வாங்க. மானத்தைப் பாத்தா ராத்திரி தூக்கம் போயிரும்.

இப்ப மோந்து பாரு. வெக்கப்படாம காதுகிட்ட மூக்கைக் கொண்டு போ. புளிச்ச தோசமாவு வாடை அடிக்கா? அலர்ஜியில புண்ணான தோலு மேல மலாசீசியான்னு ஒரு பூஞ்சை, கூட பாக்டீரியா, ரெண்டும் குடியேறியிருக்கும். இவங்க வாடகை குடுக்காம இருக்கதுனால அரிப்பு ரெட்டிப்பாகுது. முதல்ல இவங்களைக் காலி பண்ணணும், பொறவுதான் மத்ததெல்லாம். டாக்டரு குளோர்ஹெக்ஸிடின் ஷாம்பூ எழுதிக் குடுத்திருக்காரு, சீட்டுல பாத்தேன். நீ எப்படிப் போடுத? தேய்க்க, ஊத்துத, முடிச்ச. நொரை பத்து நிமிசம் ஒடம்புல நிக்கணும்லே. செல்போனைப் பாக்க ஒரு மணி நேரம் இருக்கு, நாய் பக்கத்துல பத்து நிமிசம் நிக்க முடியாதாக்கும்? வெந்நி ஊத்தாத, அரிப்பு கூடும். பச்சத்தண்ணி போதும். கால்வெரல் இடுக்கை ஈரம் போகத் தொடச்சி விடு. பச்சப்புள்ளை சோப்பைத் தூரப் போடு. மனுசத் தோலு கொஞ்சம் புளிப்புச் சேர்ந்தது, நாய்த் தோலு அப்படி இல்ல. ஒனக்குச் செஞ்சது அதுக்கு ஒத்துவராது.

அடுத்து சாப்பாடு. இங்கதாம்லே ஒன் வீட்டு நாடகமே நடக்கு. “தானியமில்லாத தீனி”ன்னு ஒரு மூட்டைக்கு எவ்வளவு குடுத்தன்னு கேக்கல, எனக்கு நெஞ்சு வலி வேண்டாம். சாப்பாட்டு அலர்ஜியில நாயைப் பிடிக்கிறது பெரும்பாலும் புரதம். மாட்டிறைச்சி, பால், கோழி இதுகதான் முன்வரிசையில, கோதுமை பின்னால வரும். ஒன் மூட்டை பின்னால பாரு, அரிசியையும் கோதுமையையும் எடுத்துட்டுக் கோழியை உள்ள வச்சிருக்கான்.

எந்தத் தீனி ஒத்துக்கலன்னு கண்டுபிடிக்க ஒரே வழி, எட்டு வாரம் ஒரே தீனி. அது முன்னால தின்னே அறியாத ஒரு கறி, கூட ஒரு கெழங்கு. இல்லேன்னா புரதத்தைத் துணுக்கு துணுக்கா ஒடச்சுச் செஞ்ச டாக்டர் தீனி. எட்டு வாரத்துக்குள்ள அரிப்பு கொறஞ்சா, பழைய தீனியை மறுபடி குடுத்துப் பாக்கணும். ரெண்டு வாரத்துக்குள்ள சொறிஞ்சா மாட்டிக்கிட்டான் களவாணி. ஒங்கம்மாகிட்ட “பத்தியம் இருக்கு”ன்னு சொன்ன. அவ தலையாட்டுனா. நான் திண்ணையில சாஞ்சு கண்ண மூடிக்கிட்டு இருந்தேன். கண்ண மூடியிருக்குத கெழவனைச் செவிடுன்னு நெனச்சு, “ஏ ராசா, ஒன்னை எலும்பும் தோலுமா ஆக்கிட்டானுவளே”ன்னு சொல்லி மேரி பிஸ்கட்டை டீயில முக்கி முக்கி ஊட்டுதா. மைதாவும் பாலும் ஒரே வாயில. ஒரு பிஸ்கட்டுக்கு எட்டு வாரமும் தண்ணியில போச்சு. கறி வாசம் போட்ட மெல்லுத மாத்திரையும் கணக்குத்தான், அதையும் டாக்டர்கிட்டக் கேட்டுக்கோ. ஒங்கம்மாவை ஜெயிக்க ஒரு வழி சொல்லுதேன்: அந்தப் பத்தியக் கறியையே வறுத்து ஒரு டப்பாவுல போட்டு அவ கையில குடு. ஊட்டுறவ கையை நிறுத்த ஒன்னால முடியாது, டப்பாவை மாத்தத்தான் முடியும்.

நாய் முடியை அனுப்புனா அலர்ஜிப் பட்டியல் வருமாம், காசு கட்டிட்டேன்னு சொன்ன. 2019-ல வெளிவந்த ஒரு ஆய்வுல பொம்மை முடி மாதிரி செயற்கை முடியை அனுப்பிப் பாத்திருக்காங்க. அதுக்கும் அலர்ஜி இருக்குன்னு பட்டியல் வந்திருக்கு. அந்தப் பொம்மைக்கு இப்ப யாரு பத்தியம் வைக்காங்கன்னு தெரியல. சாப்பாட்டுக்கு ரத்தப் பரிசோதனையையும் நம்பிக் கறியை மாத்தாத. தூசி, மகரந்தத்துக்கு எடுக்குத பரிசோதனை வேற. அதை வச்சு நாய்க்கு ஒத்துக்கிடாததையே கொஞ்சம் கொஞ்சமா ஊசியாப் போட்டுப் பழக்குவாங்க. பாதி நாய்க்கு மேல நல்லது செய்யும், ஆனா தெரிய ஒரு வருசம்கூட ஆகும். ஒரு வருசம் பொறுப்பியா நீ? ஒரு ஷாம்பூவுக்கு ஒரு வாரம் பொறுக்காதவன்.

அரிப்பை அமத்த மாத்திரை உண்டு. பிரெட்னிசலோன் சீக்கிரம் கேக்கும், மலிவு. அதனாலதான் ஆளுக்காள் அதை எழுதுதாங்க. மாசக்கணக்காப் போட்டா நாய் குடம் தண்ணி குடிக்கும், வீடு பூரா மூத்திரம் போகும், கண்டதைத் திங்கும், வயிறு தொங்கும். டாக்டர் சொல்லாம திடீர்னு நிறுத்தவும் கூடாது. அரிப்புச் சேதியை வழியிலயே மறிக்குத மாத்திரை ஒக்லாசிடினிப், அமெரிக்காவுல 2013-ல வந்துச்சு. ஒரு வயசுக்குக் கீழ இருந்தா குடுக்கக் கூடாது. விலை கூட. லோகிவெட்மாப்னு ஒரு ஊசியும் இருக்கு, மாசம் ஒண்ணு போடுத கணக்கு. ஒன் நாய்க்கு எது ஏத்ததுன்னு டாக்டரைக் கேளு, என்னைக் கேக்காத, நான் வெறும் கம்பவுண்டரு. நீயா வீட்டுல சளி மாத்திரையை ஒடச்சுக் குடுத்துராத. செட்ரிசின் நாய்க்குப் பெருசாக் கேக்காது. அது கூட மூக்கடைப்பு மருந்து சேந்த மாத்திரையா இருந்தா உசுருக்கே ஆபத்து. மீன் எண்ணெய் குடுக்கலாம், தோலுக்கு நல்லது. ரெண்டு மூணு மாசம் போனாத்தான் தெரியும், நாலாம் நாளே போட்டோ எடுத்து அனுப்பாத.

ஒண்ணு செய். மருமகளை ஒரு நோட்டுப் போடச் சொல்லு. தினமும் ராத்திரி சொறியை ஒண்ணுல இருந்து பத்துக்குள்ள ஒரு எண்ணா எழுதணும். அன்னைக்கு மழையா, வெயிலா, யாரு என்ன ஊட்டுனா, தெள்ளு மருந்து எந்தத் தேதி, அதையும். கடலோர ஊருல புழுக்கம் கூடினா தூசிப் பூச்சி பெருகும், அப்ப எண் ஏறும். அந்த மாசத்துல நாய்ப் படுக்கையைக் கொதிக்கக் கொதிக்க வெந்நியில அலசு. ஒரே நேரத்துல ரெண்டு விசயத்தை மாத்தாத. ரெண்டை மாத்திட்டு எது கேட்டுச்சுன்னு சாமி வந்து சொல்லாது.

மெட்ராஸ் வெட்னரி காலேஜ் வேப்பேரியில 1903-ல இருந்து இருக்கு. நாட்டுல எத்தனையோ டாக்டரை உண்டாக்குன எடம். அதை விட்டுட்டு நாயை வண்டியில ஏத்தி ஒரு ராத்திரி பூரா ஓட்டிக்கிட்டுக் கோவில்பட்டிக் கெழவன்கிட்ட வந்திருக்க. சரி, கோழிக்கொழம்புக்காகத்தான் வந்திருக்கன்னு எனக்குத் தெரியும். ஊருக்குப் போனதும் காலையில வெள்ளனப் போயி வரிசையில நில்லு. எப்ப இருந்து சொறியுது, என்ன தின்னுது, தெள்ளு மருந்து எந்தத் தேதின்னு டாக்டரு கேப்பாரு. நோட்டைப் பாத்து மருமக பதில் சொல்லட்டும். நீ நாயைப் பிடிச்சிக்கோ.