‘ஐ பிரிஸ்யூம்’: வினாவகை குறித்து ஓர் ஆய்வு

ஆங்கிலத்தில் ‘பிரிஸ்யூம்’ என்றொரு வினைச்சொல் உண்டு. உறுதியாகத் தெரியாததை ‘இப்படித்தான் இருக்கும்’ என்று கொள்வது எனப் பொருள் சொல்லிக்கொடுக்கிறார்கள். பரீட்சைக்கு அது போதும், உஜிஜிக்குப் போதாது.

உஜிஜி, ஆப்பிரிக்காவில் தாங்கனிக்கா ஏரிக்கரை ஊர். ‘நியூயார்க் ஹெரால்டு’ பத்திரிகைக்காக தகவலின்றிப் போன ஆய்வுப்பயணி டேவிட் லிவிங்ஸ்டனைத் தேடிப் புறப்பட்ட நிருபர் ஸ்டான்லி 1871 இறுதியில் அங்கே போய்ச் சேர்ந்தார். எதிரே நரைத்த தாடியோடு ஒரு வெள்ளைக்காரர். ஸ்டான்லி தொப்பியைக் கழற்றினார். டாக்டர் லிவிங்ஸ்டன் என்று பெயரைச் சொல்லி, வாலாக ‘ஐ பிரிஸ்யூம்’ என்றார்.

ஈண்டு ஐயம் எங்கே வந்தது? சற்று முன்புதான் லிவிங்ஸ்டனின் பணியாளர் சூசி ஓடிவந்து ஆங்கிலத்தில் காலை வணக்கம் சொல்லியிருந்தார். டாக்டர் இங்கேயா, இந்த ஊரிலேயா, நிச்சயமாகவா என்று ஸ்டான்லி துருவ, இப்போதுதான் அவரை விட்டு வருகிறேன் என்றார் சூசி. ஸ்டான்லியே தம் நூலில் எழுதிவைத்தது இது. மும்முறை விசாரித்துத் தெளிந்தபின் என்ன ஊகம் வேண்டிக்கிடக்கிறது?

நன்னூலார் வகுத்த வினா ஆறு. ஸ்டான்லி கேட்டதனை ஐயவினா என்பாரும் உளர். அது பொருந்தாது, ஐயம் சூசியோடு தீர்ந்தது. அறியாவினாவும் அன்று. விடை தெரிந்தே கேட்டமையின் அறிவினா எனின், அது ஆசிரியன் மாணாக்கனைச் சோதிப்பது. லிவிங்ஸ்டனுக்குத் தம் பெயர் தெரியுமா என்று சோதிக்க ஜான்சிபாரிலிருந்து யாரும் மாதக்கணக்கில் நடந்து வரமாட்டார்கள். கொளல், கொடை, ஏவல் மூன்றும் இங்கே வாரா. ஓடிப்போய்க் கட்டிக்கொள்ள ஆசை, ஆங்கிலேயராயிற்றே, எப்படி எடுத்துக்கொள்வாரோ என்ற தயக்கம், சுற்றிலும் கூட்டம். ஸ்டான்லி தரும் விளக்கம் இவ்வளவே. ஆகவே ஏழாவதாகக் ‘கூச்சவினா’ ஒன்று கொள்க என்பது எம் துணிபு.

சட்ட வழக்கும் நோக்கத்தக்கது. மறு ஆண்டே, 1872இல், இந்தியச் சாட்சியச் சட்டம் வந்தது, 2024 வரை நடப்பில் இருந்தது. அதில் ‘பிரிஸ்யூம்’ இரு தரம்: நீதிமன்றம் ஊகிக்கலாம், ஊகித்தே ஆகவேண்டும். கூச்சப்பட்டு ஊகிக்க இடமிருக்கவில்லை. ஏழாண்டு தகவலே இல்லாதவர் உயிரோடிருக்கிறார் என்பவரே அதை மெய்ப்பிக்க வேண்டும் என்பதும் அதில் இருந்தது. லிவிங்ஸ்டன் அப்பயணத்தில் உள்நாட்டுக்குள் போனது 1866இல், ஏழு நிறையவில்லை. ஆகவே ஸ்டான்லிக்கு அந்தச் சுமையும் இல்லை.

ஒரு தடை. அச்சந்திப்பைப் பற்றிய நாட்குறிப்புப் பக்கங்களை ஸ்டான்லி கிழித்துவிட்டார். அவ்வாசகமே அவர் பின்னால் புனைந்தது என்கிறார், அவர் வரலாற்றை எழுதிய டிம் ஜீல். இருக்கட்டும். வாசகத்தை வேண்டுமானால் விட்டுக்கொடுக்கிறோம். ஏழாம் வினாவை விடுவதாக இல்லை.