வடைச்சட்டிப் புண்ணியம்

மலேசியாவில் மானிய விலைச் சமையல் எண்ணெய், ஒரு கிலோ பாக்கெட், இரண்டரை வெள்ளி. பொரித்துக் கறுத்துப்போன எண்ணெய்க்கோ சில சமயம் அதைவிடக் கூடுதல் விலை. கருகிய கறிவேப்பிலை இலவச இணைப்பு.

எல்லாம் ஐரோப்பாவின் உபயம். செம்பனை டீசலால் காடு அழிகிறது என்று 2030க்குள் அதைத் தன் பசுமைக் கணக்கிலிருந்து ஒதுக்கப்போகிறது. அதே எண்ணெய் ஒருமுறை வடை சுட்டுவிட்டால் கழிவு. அதில் செய்த டீசலை அந்தக் கணக்கில் ஒன்றுக்கு இரண்டாக எழுதிக்கொள்ளலாம். கங்கையில் முழுகினாலும் இத்தனை சீக்கிரம் பாவம் தீராது!

கிள்ளான் லிட்டல் இந்தியாவில் பலகாரக் கடை அக்கா, ஆறிய எண்ணெயை வடிகட்டி, டின்னில் ஊற்றி, மூடியை அழுத்தித் துடைத்து வைக்கிறார். வடைக்குக்கூட இந்த மரியாதை இல்லை. "புது எண்ணெயையே ஊத்திக் கொடுத்தா எடுத்துக்குவீங்களா தம்பி?" என்றார் லாரிக்காரரிடம். "கொஞ்சம் கறுப்பா இருக்கணும்க்கா." போர்ட் கிள்ளானில் கப்பலேறும் 'பழைய' எண்ணெயெல்லாம் நிஜமாகவே சட்டியைப் பார்த்ததுதானா என்று ஐரோப்பாவில் சிலருக்குச் சந்தேகமாம். நியாயம்தான்.

செம்பனை டீசல் விஷயத்தில் நாமும் சும்மா இருக்கவில்லை. 2006இல் 'என்வோ டீசல்' வந்தது: டீசலில் ஐந்து விழுக்காடு செம்பனை எண்ணெயை அப்படியே கலப்பது. இயந்திரத்துக்கு உத்தரவாதம் தர வாகன நிறுவனங்கள் தயங்கின, எண்ணெய் விலையும் எகிறியது, திட்டம் படுத்துவிட்டது. பிறகு எண்ணெயை மெத்தில் எஸ்டராக்கிக் கலந்து, 2011இல் பி5 (ஐந்து விழுக்காடு), 2019இல் பி10 (பத்து). லாரிப் புகையில் இன்னும் வடை வாசம் வரவில்லை.