ஏலே, படத்தை நோண்டாத!

ஏலே பேராண்டி, இப்படித் திண்ணையில உக்காரு. பிள்ளைக்குக் காது குத்துன படத்தையெல்லாம் நூறு வருசம் காப்பாத்தப் போறியாமே? இருட்டறையில ஹைப்போ கரைச்ச கெழவனுக்குக் கம்ப்யூட்டரைப் பத்தி என்ன தெரியும்னு உன் பொஞ்சாதி சிரிக்கா. சிரிக்கட்டும். ஊருக்கே நெகட்டிவ் பாதுகாத்தவன்ட்ட கேக்காம யாருட்டலே கேப்ப?

ஜேபெக் படத்தையெல்லாம் டிஃப்பா மாத்திட்டேன், இனி தரம் கொறையாதுன்னு நெஞ்சை நிமித்துனியே, அங்கதாம்ல எனக்குச் சிரிப்பு வந்துச்சு. பன்னெண்டு மெகாபிக்சல் படம் ஜேபெக்கா இருந்தப்ப நாலஞ்சு எம்.பி. கெடந்துச்சு. ஒரு புள்ளிக்கு மூணு பைட்டுன்னு விரிச்சா 36 எம்.பி. ஆயிரும். டிஸ்கு நெறைஞ்சதுதான் மிச்சம். கேமரா ஜேபெக்கா சுருக்கும்போதே தூக்கிப் போட்ட விவரம் திரும்பி வராது. தண்ணி கலந்த பாலைப் பெரிய அண்டாவுல மாத்துனா கெட்டியாயிருமாலே?

இன்னொண்ணு, ஜேபெக்கைத் தெறந்து பாத்தாலே தேஞ்சுபோகும்னு எவனோ உன்ட்ட சொல்லியிருக்கான். பாத்தாலும் தேயாது, நகல் எடுத்தாலும் தேயாது. படத்துல உன் தொந்தியைக் கொறைக்கேன்னு நோண்டி நோண்டி அது மேலயே சேமிக்கியே, அப்பத்தான் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் போவுது. நோண்டணும்னா நகலை நோண்டு. கேமரா கொடுத்ததை ஒரு பக்கமா வச்சுக் கும்புடு. தொந்தி அங்கன இருந்துட்டுப் போகட்டும், ஒன் பேரன் பாத்துச் சிரிக்கணும்லா.

எந்த ஃபார்மட் நெலைக்கும்னு கேட்ட. 1992-ஐ எடுத்துக்க. ஜேபெக் தரவிதி ஒப்புதலானது அந்த வருசம். டிஃப் 1986-லயே ஆல்டஸ் கம்பெனி கொண்டுவந்தது, அதோட ஆறாம் பதிப்பு வந்ததும் 1992-லதான். அதே வருசம் கோடாக்கும் போட்டோ சி.டி.ன்னு ஒண்ணைக் கடைக்கு எறக்குச்சு. அதுல இருந்த படம் பி.சி.டி. ஃபைல். மூணுல எது ஜெயிக்கும்னு அன்னைக்கு பந்தயம் கட்டியிருந்தா பாதி ஊரு கோடாக் பேருக்காகவே அது மேல கட்டியிருக்கும். ஆனா கோடாக்குக்காரனுவ அதோட செய்முறையை முழுசா வெளிய விடல. வெளியாளு ஒருத்தன் நோண்டிக் கண்டுபிடிச்சுத்தான் அவனுவ தயவில்லாம தெறக்க வழி பொறந்துச்சு. 2012-ல கோடாக்கே திவால் மனு போட்டுட்டு நின்னுச்சு. ஜேபெக்குக்கோ இலவச மென்பொருள் தொடக்கத்துலயே கெடைச்சதுனால அவனவன் எடுத்துப் போட்டுக்கிட்டான். டிஃப்போட விதியும் எல்லாரும் படிக்குற மாதிரி கெடக்கு. ஆல்டஸை 1994-ல அடோபி வாங்குனப்பவும் டிஃப்புக்கு ஒரு கேடும் வரல. பெரிய கம்பெனியான்னு பாக்காதலே. அந்தக் கம்பெனி படுத்துட்டாலும் ஒன் படத்தை வேற எவனாவது தெறப்பானான்னு பாரு.

இப்ப ஒன் ஐபோனுக்கு வாரேன். 2017-லேர்ந்து அது ஹெய்க்னு எடுக்குது. ஜேபெக்குல பாதி எடம்தான் பிடிக்கும், மறுக்கல. ஆனா உள்ள இருக்குற சுருக்கு வித்தையில காப்புரிமைச் சிக்கல் கெடக்கு, எல்லா மெஷினும் தெறக்காது. செட்டிங்க்ஸ்ல கேமரா, ஃபார்மட்ஸ்னு போயி மோஸ்ட் கம்பாட்டிபிள்னு மாத்து, இனி எடுக்குறது ஜேபெக்கா வரும். ஏற்கெனவே எடுத்த ஹெய்க்கை அழிச்சுத் தொலைக்காத, பக்கத்துல ஒரு ஜேபெக் நகல் போதும். பெரிய கேமராவுல ரா எடுத்தா அதுக்கும் இதே கதைதான். ராவையும் வை, அதுலேர்ந்து உச்சத் தரத்துல ஒரு ஜேபெக்கும் வை. பி.என்.ஜி. ஸ்கிரீன்ஷாட்டுக்கும் கோட்டுப் படத்துக்கும் சரி. போட்டோவுக்குப் போட்டா எடம்தான் நெறையும்.

டிஃப்பை நான் வெறுக்கேன்னு நெனைக்காதலே. ஒங்க பாட்டி கல்யாணப் படம் பரண்ல கெடக்குல்லா, அதை ஸ்கேன் பண்ணும்போது நேரடியா டிஃப்பா எடு. அங்க அண்டா பெருசாவே இருக்கட்டும். அசலே காகிதம், நாளைக்குக் கரையான் தின்னுரும். சுருக்காத டிஃப்புல ஒரு பிட் கெட்டா பொதுவா ஒரு புள்ளி கெடும். ஜேபெக்குல அதே ஒரு பிட் சில நேரம் கழுத்துக்குக் கீழ மொத்தத்தையும் சாம்பலாக்கிரும்.

வாட்ஸ்அப்புல வந்ததை ஆல்பம்னு சொல்லாத. சாதாரணமா அனுப்புனா அது சுருக்கியும் போடும், எடுத்த தேதியையும் உருவிரும். டாக்குமெண்டா அனுப்பச் சொல்லி வாங்கு.

இம்புட்டும் படிச்சிட்டு எல்லாத்தையும் ஒரே ஹார்ட் டிஸ்குல வச்சுப் பீரோவுல பூட்டியிருக்கியே, ஒன் புத்தியை என்ன சொல்ல? அது ஒரு நாள் கிர்ருனு கத்திட்டு நிக்கும், அப்ப ஃபார்மட் வந்து காப்பாத்தாது. மூணு நகல் வை, ரெண்டு வகைச் சாதனத்துல வை. ஒவ்வொரு ஃபைலுக்கும் செக்சம் எடுத்துக் குறிச்சு வச்சு வருசத்துக்கு ஒருக்கா ஒப்பிடு, ஒரு பிட் மாறினாலும் அந்த எண் காட்டிக்குடுத்துரும். ஒரு நகல் இந்த வீட்டுக்கு வெளிய இருக்கணும்.

எங்கன வைக்கன்னு முழிக்காத. ஒன் மாமியா வீட்டுல குடு. பந்தியில அப்பளம் பத்தலைன்னு நீ சொன்னதையே இத்தனை வருசமா ஒரு எழுத்துக் கொறையாம வச்சிருக்கவுக, ஒரு டிஸ்கைத் தொலைச்சிருவாகளாக்கும்?