பச்சை எரியுது, படம் வரலை

கேள்வி: தம்பியின் பழைய சோனி பி.எஸ்.பி. கேம் கருவியில் கஸ்டம் ஃபர்ம்வேர் (சோனி தராத, மாற்றியமைத்த இயக்க மென்பொருள்) ஏற்றினேன். பச்சை விளக்கு எரிகிறது; திரை கறுப்பு. என்ன செய்ய?
– ஒரு வாசகர், குமாரலிங்கபுரம்

பதில்: உங்கள் ஊர் வானம் மாதிரி மின்னுகிறது, பெய்ய மாட்டேன் என்கிறது! ரிப்பேர் கடை தேடி அருப்புக்கோட்டை பஸ் ஏறுமுன் பேட்டரியைக் கழற்றிப் பாருங்கள். வயிறு உப்பியிருந்தால் திரும்பப் போடவே வேண்டாம், சார்ஜரிலேயே ஓடும். மெமரி ஸ்டிக்கை உருவிவிட்டு, வலது தோள்பட்டனை அழுத்தியபடி பவரைத் தள்ளுங்கள். ரெக்கவரி மெனு வந்தால் பிழைத்தீர்கள்.

வராவிட்டால் 2007இல் ஹேக்கர்கள் கண்டுபிடித்த ‘பண்டோரா’ பேட்டரி இருக்கிறது. பேட்டரிக்குள் இருக்கும் வரிசை எண்ணை மாற்றிவிட்டால், கருவி தான் சோனி சர்வீஸ் சென்டரில் படுத்திருப்பதாக நம்பி, அதற்கெனத் தயாரித்துச் செருகிய மெமரி ஸ்டிக்கிலிருந்தே எழுந்துவிடும். 1000 மாடலுக்கும் பெரும்பாலான 2000 மாடலுக்கும் இது பலிக்கும். உங்களுடையது 3000 என்றால் பலிக்காது. தம்பிக்கு என்ன பதில் சொல்வது என்று இப்போதே யோசியுங்கள்.